விலை போடாத அட்டை

எங்கள் சஞ்சிகையின் முதலாவது இதழுக்கு அட்டையையும் உள்ளடக்கப் பக்கத்தையும் அமைத்தவன் நான்தான். அந்த அமைப்பில் இன்றைக்கும் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. தலைப்பு மேலே இருந்தது. முகம் நடுவில் இருந்தது. உள்ளடக்கத்தில் போட்ட பக்க எண்ணும் உள்ளே இருந்த பக்க எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தின. அட்டையில் இருந்த மனிதர் காலமாகிவிட்டார் என்று விசுவமடுவில் ஒரு வீட்டில் துக்கத்துக்குத் தலைமுழுகியது வேறு விடயம்.

போரில் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்வதற்கு முந்திய காலம் அது. நான் தர்மபுரத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தேன். எங்கள் பகுதி விவசாயிகள் சங்கம், வாசிகசாலையோடு சேர்ந்து ஒரு சஞ்சிகை வெளியிடத் தீர்மானித்தது. சங்கச் செயலாளர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் மாஸ்ரர். எழுத்து வேலை முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டார். அமைப்பு வேலை யாருக்கு என்ற கேள்வி வந்தபோது என் பக்கம் திரும்பினார்.

"மனேஜர் செய்யட்டும். சவர்க்காரக் கட்டியைக்கூட எழுத்து முன்னுக்குத் தெரிய அடுக்கிற மனுசன்."

கூட்டத்தில் சிரித்தார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு வேலையைத் தொடங்குமுன் மற்றவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். சஞ்சிகை அட்டை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்தான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அளந்து பார்ப்பது வேறு. அளப்பதற்கு முழுச் சஞ்சிகை ஒன்று வேண்டும். அந்த நாளில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் அப்படி ஒன்று கிடைப்பது அரிது. வவுனியாவைத் தாண்டி எப்படியோ வந்து சேரும் ஒன்றிரண்டும் கைமாறிக் கைமாறிக் கடைசியில் இரண்டாகப் பிரிந்துவிடும். வழுவழுப்பான அட்டை பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறையாகப் போய்விடும். உள்தாள்கள் பொட்டலச் சரை சுற்றுவதற்குக் கடைகளுக்கு வந்துவிடும். ஆகவே அட்டையைப் படிக்க நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உள்ளடக்கத்தைப் படிக்க என் கடையே போதும்.

மாஸ்ரர் தன் வகுப்புக் கொப்பிகளை மேசையில் அடுக்கித் தந்தார். அளக்கும் அடிமட்டத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு நடிகையின் நெற்றியில் "கணிதம்" என்று துண்டு ஒட்டியிருந்தது. ஒரு கிரிக்கெட் வீரரின் வாயை "சைவசமயம்" மூடியிருந்தது. அவற்றையெல்லாம் கடந்து பார்த்ததில் சில முறைகள் பிடிபட்டன. அட்டையில் முகம் ஒன்றுதான் இருக்கும். அது நடுவுக்குச் சற்று மேலே இருக்கும். கண் எங்களைப் பார்க்கும். எங்களைப் பார்க்காமல் தூரத்தைப் பார்த்தால் அது இலக்கியச் சஞ்சிகை, விற்பனை குறைவு. தலைப்பு எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். ஆள் பிரபலமானவர் என்றால் அவருடைய தலை தலைப்பில் ஓர் எழுத்தை மறைக்கலாம். முகத்துக்குப் பக்கத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு மூன்று வரிகள் வரும். அந்த வரிகள் கேள்வியை மட்டும் கேட்கவேண்டும். விடையைச் சொல்லிவிட்டால் யாரும் உள்ளே புரட்டமாட்டார்கள்.

ஒரேயொரு இடம்தான் என் அளவுக்குள் வரவில்லை. கொப்பிக்கு உறை போடும்போது அட்டையின் மேலோரமும் கீழோரமும் உள்ளே மடிபட்டுவிடும். அந்த மடிப்புக்குள் என்ன இருந்தது என்று நான் விரித்துப் பார்க்கவில்லை. பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். படிக்கிற பிள்ளைகளின் கொப்பியைக் கிழிப்பது முறையல்ல.

கடையில் வேலை இதைவிட இலேசு, தும்மலைத் தவிர. உள்ளடக்கப் பக்கம் வந்த தாள்களில் பெரும்பாலும் மிளகாய்த்தூள்தான் கட்டியிருந்தோம். நல்ல உள்ளடக்கம் ஒன்று அகப்பட்டதும் சரையைப் பிரித்துத் தூளை வேறு தாளுக்கு மாற்றினேன். காத்து நின்ற பெண்மணி பொறுமை இழந்தார்.

"தூளைத் தாங்கோ மனேஜர். கறி அடுப்பில கிடக்கு. பிறகு ஆறுதலா வாசியுங்கோ."

"வாசிக்கேல்ல அக்கா, அளக்கிறன்."

"தூளையும் ஒருக்கா அளந்து தாங்கோ, அது குறையுது."

தலைப்பு இடப்பக்கம், பக்க எண் வலப்பக்கம், இரண்டுக்கும் நடுவே எறும்பு ஊர்வதுபோலப் புள்ளிகள். முக்கியமானது மேலே, நன்றி கடைசியில். இவ்வளவையும் குறித்துக்கொண்டேன்.

அடுத்து, அட்டைக்கு முகம் வேண்டும். எங்களிடம் நடிகை இல்லை. பூசினிக்காய்க்காரர் இருந்தார்.

அவர் என் கடைக்கு மேற்கே தோட்டம் செய்பவர். நாற்பதைத் தொட்டவர், கலியாணமாகாதவர், தமக்கையோடு இருந்தார். அந்த வருடம் அவர் தோட்டத்தில் ஒரு பூசினிக்காய் நிறுத்தாமல் வளர்ந்துகொண்டே போனது. கடைத் தராசில் ஏற்றியபோது தராசு தெரியவில்லை, பூசினிக்காய்தான் தெரிந்தது. பிறகு நெல் ஆலையிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசை இரவல் வாங்கி நிறுத்தோம். அயலூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். அவர் அதற்குப் பக்கத்தில், பணக்காரச் சொந்தக்காரரை அறிமுகப்படுத்துபவரைப்போல ஒதுங்கி நிற்பார்.

அட்டைக்கு அவர் என்று தீர்மானமானதும் தமக்கையார் கடைக்கு வந்தார். தம்பிக்கு விசுவமடுவில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் முன்பள்ளி ஆசிரியை. சாதகம் பொருந்திவிட்டது. பெண்ணின் சாதகம் இவர்கள் கையில் இருந்தது. வந்து பார்க்குமுன் மாப்பிள்ளையின் படம் ஒன்றை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவரிடம் இருந்ததோ அடையாள அட்டைப் படம் ஒன்றுதான்.

"அதைக் காட்டினா பொம்பிளை வீட்டுக்காரர் படலையைப் பூட்டிப்போடுவினம் தம்பி," என்றார் தமக்கையார். "உங்கட புத்தகத்தில அட்டைப் படமா வந்தா ஒரு மதிப்பு. அதைத்தான் குடுத்துவிடப்போறன். இதோட நாலாவது பேச்சு. இதுவும் சரிவராட்டி இனி இவனுக்கு ஆரும் கேக்கமாட்டினம். உங்களைத்தான் நம்பியிருக்கிறன்."

நான் அடிமட்டத்தைக் காட்டினேன். அவருக்கு நம்பிக்கை வந்தது.

படம் எடுப்பதும் இலேசில் முடியவில்லை. ஒரு கலியாண வீட்டுக்கு வந்த படப்பிடிப்பாளரிடம் பிலிம் சுருளில் கடைசியாக ஒரு படத்துக்கு இடம் மிச்சமிருந்தது. ஒரே படத்தில் ஆளும் பூசினியும் வரவேண்டும் என்று, பூசினியை மேசையில் ஏற்றி, அதற்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு அவரை இருத்தினார். அவருடைய தலைக்குப் பின்னால் பூசினி நன்றாக விழுந்தது. சிரிக்கச் சொன்னபோது முன்பல் ஒன்று இல்லாத கூச்சத்தில் வாயை மூடிக்கொண்டு மிகவும் சாந்தமாகப் பார்த்தார்.

படத்தை அச்சில் ஏற்றுவதற்கு அதை உலோகத்தில் வெட்டிப் புளொக் செய்யவேண்டும். கிளிநொச்சியில் அதற்கு வசதி இல்லை. நெகற்றிவ், ஒரு வியாபாரியின் சட்டைப்பைக்குள் வள்ளத்தில் கடலேரியைக் கடந்து யாழ்ப்பாணம் போய், புளொக்காகத் திரும்பி வந்தது. கிளிநொச்சி அச்சுக்கூடத்தில் அதை ஒருமுறை மையிட்டு ஒற்றிப் பார்த்தோம். ஆள் மட்டும் நீள்வட்டத்துக்குள் இருந்தார். பூசினியின் பெரும்பகுதி வெட்டுப்பட்டுப்போய், எஞ்சிய விளிம்பு அவருடைய தலையைச் சுற்றி வெளிச்சம்போல நின்றது.

"நான் சதுரமா வெட்டத்தானே சொல்லிவிட்டனான்," என்றேன்.

அச்சுக்கோப்பவர் என்னைவிட மூத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புளொக் செய்யிறவர் எல்லாத்தையும் உப்பிடித்தான் தம்பி வெட்டுவார். படத்தில இருக்கிற ஆக்கள் ஒருத்தரும் இவ்வளவு காலமும் குறை சொன்னதில்லை."

அவர்கள் ஏன் குறை சொல்லவில்லை என்று நான் யோசித்திருக்கலாம். அந்த அச்சுக்கூடத்துக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி நினைவு மலர்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். முகப்பில் படம், படத்துக்குக் கீழே தோன்றிய நாளும் மறைந்த நாளும், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி. வருடக்கணக்காக அதையே கோத்துவந்த அச்சுக்கோப்பவரின் கை வேறு புத்தகத்தை மறந்துவிட்டிருந்தது.

தலை தலைப்பில் முட்டவேண்டும் என்ற என் குறிப்பைக் காட்டினேன்.

"ஈயத்துக்கு மேல ஈயம் ஏறாது," என்று சொல்லிப் படத்தைக் கீழே இறக்கினார்.

தலைப்புக்குப் பெரிய எழுத்துப் போதாது என்று நடுத்தர எழுத்தில் கோத்தார். ஆனால் "மலர் 1, இதழ் 1" என்ற வரியில் "மலர்" மட்டும் ஆகப்பெரிய எழுத்தில் நின்றது. அந்த ஒரு சொல்லை அவர் கலைப்பதில்லையாம், கட்டியபடியே தட்டில் வைத்திருப்பாராம். சுற்றிவர ஒரு பூங்கரை போட்டார். கீழ் மூலைகள் இரண்டிலும் குத்துவிளக்கு வந்தது.

"விளக்கு என்னத்துக்கு?"

"மூலைக்கு ஒரு கட்டை வேணும் தம்பி. யானை இருந்தது. ஒரு யானைக்குத் தும்பிக்கை உடைஞ்சுபோச்சு."

தும்பிக்கை இல்லாத யானையை நானும் விரும்பவில்லை. படத்துக்குப் பக்கத்தில், விடை சொல்லாத வரிகள் மூன்றை முறைப்படி கொடுத்திருந்தேன். "இவரால் எப்படி முடிந்தது?", "அந்தத் தோட்டத்தில் நடந்தது என்ன?", "குடும்பத்தினர் மனம் திறக்கிறார்கள்". விவரம் இல்லாத படம் எனக்குப் பிடிக்காது என்பதால் பூசினி முளைத்த மாதத்தையும் பறித்த மாதத்தையும் எழுதிக் கொடுத்தேன். அச்சுக்கோப்பவர் என்னைக் கேட்காமலே அவற்றைப் படத்துக்குக் கீழே இடமும் வலமுமாக வைத்தார். முளைத்தது: மார்கழி. பறித்தது: பங்குனி.

உள்ளடக்கப் பக்கத்தில் வேறு பிரச்சினை. என்னுடைய எறும்பு வரிசைக்கு அச்சுக்கூடத்தின் முற்றுப்புள்ளிகள் அத்தனையும் தேவைப்பட்டன.

"உள்ளடக்கத்துக்குப் புள்ளி போட்டா கட்டுரைக்குப் புள்ளி இல்லை," என்றார். "மாஸ்ரர் நிப்பாட்டாமல் எழுதியிருக்கிறார் எண்டு சனம் நினைக்கும்."

அதனால் உள்ளடக்கத்தை முதலில் அடித்து முடித்து, புள்ளிகளைப் பிரித்தெடுத்து, பிறகு கட்டுரைகளைக் கோப்பதென்று முடிவாயிற்று. உள்ளடக்கம் தயாரான பிறகு அதற்கேற்ப உள்ளே எழுதப்பட்ட சஞ்சிகை எங்களுடையதாகத்தான் இருக்கும். வரிசை இதுதான். முதலில் கடவுள் வாழ்த்து. எங்கள் பக்கத்தில் எதைத் தொடங்கினாலும் அது முதலில். அடுத்து மாஸ்ரர் எழுதிய "ஒரு நிறைவான வாழ்வு", பூசினிக்காய்க்காரரைப் பற்றியது. மூன்றாவது "பூசினிக்கு வரும் நோயும் மருந்தும்". புள்ளிக்கு இடம் போதாமல் அது "நோயும் மருந்தும்" என்று சுருங்கியது. பிறகு தமக்கையாரின் பேட்டி. கடைசியில் "நன்றி நவிலல்".

விலை என்ன என்று அச்சுக்கோப்பவர் கேட்டார். செலவைச் சங்கம் ஏற்றுக்கொண்டது, சும்மா கொடுப்பதுதான் என்றேன். இலவசம் என்று போடவா என்றார். சும்மா கொடுப்பதைக் கையில் வாங்கும்போது தெரியும்தானே என்றேன். அவர் ஓமென்று தலையாட்டினார். அவருக்கு அதுவும் பழக்கம்.

அச்சடித்த இதழை முதலில் மாஸ்ரர் பார்த்தார்.

"வடிவா இருக்கு மனேஜர். எங்கயோ பாத்த மாதிரியும் இருக்கு."

முறைப்படி செய்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

பூசினிக்காய்க்காரர் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். "நான் நல்லவன் மாதிரி இருக்கிறன் அண்ணை," என்றார். தமக்கையார் பார்த்ததும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "ஏனெண்டு தெரியேல்ல தம்பி. பாத்தவுடன அழுகை வருது."

அன்றைக்கே விசுவமடுப் பக்கம் போன ஒருவரிடம் ஓர் இதழைக் கொடுத்தனுப்பினார்கள். அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே படலைக்கு மேலால் நீட்டி, "தர்மபுரத்தால குடுக்கச் சொன்னவை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

அடுத்த கிழமை, காலை வேளையில் வெள்ளை வேட்டி கட்டிய மூன்று பேர் கடை வாசலில் சைக்கிள்களை நிறுத்தினார்கள். பூசினிக்காய்க்காரர் தோட்டத்திலிருந்து நேரே வந்து, முழங்கால்வரை சேற்றோடு மண்ணெண்ணெய்க்காக நின்றார். வந்தவர்களில் மூத்தவர் அவரிடமே கேட்டார்.

"தம்பி, உந்தப் பூசினிக்காய்க்காரற்ற வீட்டுக்கு எப்பிடிப் போறது?"

"ஏன் ஐயா?"

"துக்கம் விசாரிக்க வந்தனாங்கள்."

பூசினிக்காய்க்காரர் போத்தலைக் கீழே வைத்தார். "ஆற்ற துக்கம்?"

"அவற்றதான். உங்களுக்குத் தெரியாதே? பங்குனியில காலன் பறிச்சுப்போட்டான். நல்ல மனுசனாம், மலர் போட்டிருக்கினம்."

"என்ன வருத்தமாம்?"

"நோயும் மருந்தும் எண்டு உள்ளுக்குக் கிடக்கு. எங்களுக்கு வாசிக்க மனம் வரேல்ல."

பூசினிக்காய்க்காரர் என்னைப் பார்த்தார். தான் இறந்த செய்தி தனக்கு மட்டும் பிந்திவந்ததோ என்று யோசிப்பவரைப்போல இருந்தது முகம். நான் மேசைக்கு வெளியே வந்தேன்.

"ஐயா, பூசினிக்காய்க்காரர் இவர்தான்."

மூத்தவர் மடித்து வைத்திருந்த இதழை எடுத்து விரித்தார். அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், திரும்பவும் அட்டையைப் பார்த்தார்.

"அப்ப தலையைச் சுத்தி இருக்கிற ஒளிவட்டம் எங்க?"

"அது பூசினிக்காய்."

கதிரை போட்டு இருத்தினேன். அவர் பெண்ணின் தாய்மாமன் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் ஒவ்வொன்றாக விளக்கினேன். முகம் பெரிதாக நடுவில் வருவது சஞ்சிகை முறை என்றேன். அது நினைவு மலர் முறை என்றார். பக்கத்தில் கேள்வி போடுவது வாசகரை உள்ளே இழுப்பதற்கு என்றேன்.

"அந்தத் தோட்டத்தில் நடந்தது என்ன எண்டு கேட்டிருக்கிறியள். வீட்டில எல்லாரும் பாம்பு எண்டுதான் முடிவெடுத்தவை."

"மார்கழியில முளைச்சது பூசினி ஐயா."

"மாப்பிளையின்ர பிறந்த மாதம் எண்டு நினைச்சம். முளைச்சது, பறிச்சது. எழுதினவர் நல்லா எழுதியிருக்கிறார் எண்டு நான்தான் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினன். என்ன, வருசம் போடேல்ல. வயசு கூடவாக்கும், போன பிறகும் மறைக்கினம் எண்டு என்ர மனிசி சொன்னவா."

கூட வந்த இருவரும் வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார்கள். நிலைமை தேறிவிட்டது என்று நான் நினைத்தேன். ஆனால் தாய்மாமன் இதழை மடித்துக்கொண்டு எழுந்தார்.

"உயிரோட இருக்கிறியள், சந்தோசம். ஆனா நாங்கள் வந்தது பிள்ளையின்ர சாதகத்தையும் திருப்பி வாங்க. என்ர தங்கச்சி, பிள்ளையின்ர தாய், செய்தி தெரிஞ்ச உடன கிணத்தடியில போய்த் தலைமுழுகிப்போட்டா. ஒருக்காத் தலைமுழுகின மாப்பிளைக்கு எப்பிடித் தம்பி பிள்ளையைக் குடுக்கிறது? நாளைக்கு ஒண்டு நடந்தா எங்களைத்தான் சொல்லுவினம்."

ஆள் அனுப்பி அழைத்ததும் தமக்கையார் மறுக்க வழி தெரியாமல் சாதகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று சைக்கிள்களும் போனபிறகு பூசினிக்காய்க்காரர் கடைக்குள் சீனி மூட்டையில் இருந்தார்.

"உயிரோட இருந்தும் ஒரு பிரயோசனமும் இல்லாமப் போச்சு அண்ணை."

நான் உள்ளடக்கப் பக்கத்தை இன்னொருமுறை எடுத்துப் பார்த்தேன். பக்க எண்கள் சரியாகவே இருந்தன. அது அன்றைக்கு யாருக்கும் உதவவில்லை.

சில நாள் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தார். கண்ணாடி போட்டவர், கையில் எங்கள் இதழ். வெயிலில் சைக்கிள் ஓடிவந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"பூசினி விதை இஞ்ச வாங்கலாம் எண்டு பதினோராம் பக்கத்தில போட்டிருக்கு. இருக்கோ?"

அந்த அறிவித்தலை அதுவரை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. எந்த ஊர் என்று கேட்டேன்.

"விசுவமடு. அண்டைக்குச் சாதகம் வாங்க வந்தவர் என்ர மாமா."

கையில் எடுத்த விதைச் சரை என் கையிலேயே நின்றது. அவர் தயங்காமல் இதழைப் பிரித்து மேசையில் வைத்தார்.

"வீட்டில எல்லாரும் அட்டையோட நிண்டிட்டினம். நான் உள்ளடக்கத்தைப் பாத்தனான். கடைசியில நன்றி நவிலல் எண்டு கிடந்தது. சரி, பாடையும் பந்தலும் தந்த ஆக்களாக்கும் எண்டு அந்தப் பக்கத்தைப் புரட்டினன். தராசு தந்த ஆலைக்கு நன்றி எண்டு கிடக்குது. செத்த வீட்டுக்குத் தராசு என்னத்துக்கு எண்டு அம்மாவைக் கேக்க வெளியில வந்தன். அதுக்குள்ள அவா கிணத்தடிக்குப் போட்டா."

"அம்மா இப்ப என்ன சொல்லுறா?"

"உயிரோட இருக்கிறார் எண்டு நம்பிறா. ஆனா நினைவு மலர் வந்த ஆளுக்கு முழுகினது முழுகினதுதான் எண்டு நிக்கிறா." கொஞ்சம் குரலைத் தணித்தார். "ஒரு வழி இருக்கு. நினைவு மலரெண்டா விலை போடமாட்டினம். இதில விலை இருந்தா இது சஞ்சிகை. சஞ்சிகை எண்டா அவா முழுகினது துக்கத்துக்கில்லை. அண்டைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில அவா எப்பிடியும் தலைமுழுகுறவா."

இவ்வளவு ஒழுங்காக ஒருவர் கதைத்து நான் கேட்டு நெடுநாளாகியிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பூசினிக்காய்க்காரர் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு உள்ளே வந்தார். வந்தவரைப் பார்த்தார், மேசையிலிருந்த தன் படத்தைப் பார்த்தார், விடயம் விளங்கி அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பெண்ணும் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள்தானே அது?"

"ஓம்."

"வட்டம் இல்லாமலும் பரவாயில்லை."

அவர் சிரித்தார், முன்பல் இல்லாததை மறந்து.

அன்று பின்னேரமே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒரு கொப்பியின் உறையை மாஸ்ரர் முன்னிலையில் ஈரம் தொட்டு மெதுவாகக் கழற்றினேன். நடிகையின் தோளுக்குக் கீழே, மடிப்புக்குள், வலப்பக்க மூலையில், சிறிய எழுத்தில் விலை இருந்தது. ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டு, உறையைத் திரும்ப ஒட்டிக் கொடுத்தேன். மிஞ்சியிருந்த இதழ்களையெல்லாம் கடையில் பரப்பி, விலைத் துண்டுகளுக்கு வைத்திருந்த றப்பர் முத்திரையால் அதே இடத்தில் "விலை ரூபா 5" என்று குத்தினேன். குத்துவிளக்கின் தண்டில் அது சற்று ஏறியது. வேறு இடத்தில் குத்தினால் முறையாகாது.

பெண்ணின் தாயார் தாமே நேரில் வந்தார். நான் சும்மா நீட்டிய இதழை வாங்க மறுத்துவிட்டார். ஐந்து ரூபாயை மேசையில் வைத்து, முத்திரையை நகத்தால் சுரண்டி அழிகிறதா என்று பார்த்து, "விலைக்கு விக்கிற புத்தகம்தான்" என்று கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு இடுப்பிலிருந்து சாதகத்தை எடுத்துப் பக்கத்தில் நின்ற தமக்கையாரிடம் கொடுத்தார்.

"முழுகினது வெள்ளிக்கிழமை, கண்டியளோ. நான் எப்பவும் வெள்ளிக்கிழமைதான்."

"நானும்தான்," என்றார் தமக்கையார்.

கலியாணம் ஆவணியில் நடந்தது. அந்தப் பெரிய பூசினியின் விதை எல்லாவற்றையும் மணப்பெண் முன்கூட்டியே எடுத்துக் கழுவி, சாம்பலில் பிரட்டிக் காயவைத்துவிட்டார். மிச்சப் பூசினியை வெட்ட இரண்டு பேர் கத்தியோடு நின்றார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் பூசினிக்காய்க் கறி சாப்பிட்டார்கள். அடுத்த நாளும் சாப்பிட்டோம்.

இரண்டாவது இதழுக்குத் தம்பதியின் படத்தைப் போடலாம் என்று மாஸ்ரர் சொன்னார். நீள்வட்டத்துக்குள் இரண்டு பேர் என்றால் சனம் விபத்து என்று நினைக்கும் என்று மணப்பெண் மறுத்துவிட்டார். எனவே பழைய நெகற்றிவைத் திரும்ப யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, இம்முறை ஆளை விட்டுவிட்டு, அவருக்குப் பக்கத்தில் தெரிந்த பூசினியை எடுக்கச் சொன்னோம். புளொக் நீள்வட்டமாகத்தான் வந்தது. ஓரத்தில் மாப்பிள்ளையின் காது கொஞ்சம் இருந்தது. அதே பூங்கரை, அதே குத்துவிளக்குகள், முளைத்த மாதம், பறித்த மாதம். வலப்பக்க மூலையில், அளந்த இடத்தில், அச்சிலேயே விலை.

அது வெளிவந்த அன்று தாய்மாமன் கடைக்கு வந்தார். இப்போது அவர் எங்களுக்குப் பழகிய ஆள். சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய்த் தாளை எடுத்துக்கொண்டே அட்டையை நன்றாகப் பார்த்தார். பூசினியைப் பார்த்தார். மாதங்களை வாசித்தார். விலையில் விரலை வைத்தார்.

"பிழை விட்டிட்டியள் மனேஜர்."

"என்ன பிழை?"

"போன முறை ஆள் உயிரோட, விலை போடேல்ல. இந்த முறை விலை போட்டிருக்கிறியள். இதை நாங்கள் கறி வைச்சுத் திண்டு எவ்வளவு காலம்." இதழைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நினைவு மலருக்குக் காசு வாங்கக் கூடாது."

ஐந்து ரூபாய்த் தாளைத் திரும்பவும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.